பெட்டியில் பூட்டப்பட்ட புதிய அலை

திரைப்பட உலகில் 'புதிய அலை' என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரான்ஸ்தான். 1959ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், 'நானூறு அடிகள்' என்ற படத்துக்காகப் பிரான்சுவா துரூஃபோ சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு ழான் லுக் கொதாரின் 'மூச்சுத் திணற' வெளிவந்தது. அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இத்தாலியில் ரோபர்ட்டோ ரோசெலினியும் விட்டோரியோ டி சிகாவும் படப்பிடிப்புத் தளத்தை விட்டுத் தெருவில் இறங்கிப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தனர்.

இந்த இரண்டு நாடுகளின் கதை பலமுறை பேசப்பட்டுவிட்டது. அதே காலத்தில் இன்னொரு சிறிய நாட்டில் எழுந்த அலையைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த நாடு செக்கோஸ்லோவாக்கியா. இன்று உலக வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. 1993ஆம் ஆண்டு அது செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்துவிட்டது.

1960களில் அங்கு வாழ்ந்த மக்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். அவ்வளவு சிறிய நாடு, 1966, 1968 என மூன்றே ஆண்டுகளுக்குள் சிறந்த வெளிநாட்டுத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதை இருமுறை வென்றது. அதன் பிறகு மிகக் குறுகிய காலத்திலேயே அந்த இயக்குநர்களில் சிலர் நாட்டை விட்டு வெளியேறினர். சிலர் வேலையின்றி வீட்டில் இருந்தனர். அவர்களின் படங்கள் தகரப் பெட்டிகளில் பூட்டி வைக்கப்பட்டன.

இப்படியோர் எழுச்சியும் வீழ்ச்சியும் எப்படி நிகழ்ந்தன? இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் இந்த வரலாற்றின் வினோதம்.

அரசாங்கம் கட்டிய பள்ளி

பிரெஞ்சுப் புதிய அலையினர் பணத்துக்கு அலைந்தவர்கள். குறைந்த செலவு, சிறிய கேமரா, நண்பர்களே நடிகர்கள் என்று தொடங்கியவர்கள். செக்கோஸ்லோவாக்கிய இளைஞர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் படிப்பு, சம்பளம், கேமரா, படச்சுருள் எல்லாவற்றையும் கொடுத்தது அரசாங்கம்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அதாவது கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு முன்பே, அந்நாட்டின் திரைப்படத் துறை முழுவதும் தேசியமயமாக்கப்பட்டது. பிராக் நகரின் விளிம்பில் ஒரு குன்றின்மீது அமைந்த பாராண்டோவ் ஸ்டூடியோவும் அரசுடைமையானது. 1930களின் தொடக்கத்தில் அதைக் கட்டியவர் மிலோஷ் ஹவெல். 1989ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் அதிபரான வாட்ஸ்லாவ் ஹவெலின் சித்தப்பா அவர்.

1946இல் 'ஃபாமு' என்ற திரைப்படக் கல்லூரி தொடங்கப்பட்டது. உலகின் பழைய திரைப்படக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. பொதுமக்கள் பார்க்க முடியாத வெளிநாட்டுப் படங்களை அங்கு மாணவர்கள் பார்த்தனர், விவாதித்தனர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் மிலன் குந்தேரா அங்கு இலக்கியம் கற்பித்தார். மூத்த இயக்குநர் ஓட்டகர் வாவ்ராவின் ஒரே வகுப்பில் வேரா ஹிதிலோவா, யிர்ஜி மென்செல், எவால்ட் ஷோர்ம் ஆகிய மூவரும் ஒன்றாகப் படித்தனர்.

1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் கட்சி, திரைப்படத்தைப் பிரசாரக் கருவியாகவே பார்த்தது. உழைக்கும் வீரன், சதி செய்யும் முதலாளி, கடைசிக் காட்சியில் வெற்றி என்பதே அக்காலப் படங்களின் சூத்திரம். 1953இல் ஸ்டாலின் மறைந்த பிறகு இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. சில இயக்குநர்கள் துணிந்து வேறு மாதிரி படங்களை எடுத்தனர். ஆனால், 1959இல் பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நகரில் நடந்த திரைப்பட மாநாட்டில் அந்தப் படங்கள் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. சில தடை செய்யப்பட்டன.

1960களில் காற்று மீண்டும் மாறியது. பாராண்டோவ் ஸ்டூடியோவில் பல படைப்புக் குழுக்கள் இயங்கின. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த கதையைத் தேர்ந்தெடுத்து, தணிக்கையைத் தாண்டி அதைப் படமாக்க முயன்றது. படம் ஓடுமா, போட்ட பணம் திரும்புமா என்ற கவலை இயக்குநருக்கு இல்லை. அவர் சமாளிக்க வேண்டியது தணிக்கையை மட்டும்தான். தணிக்கையும் தளர்ந்தபோது, வணிக நெருக்கடியும் இல்லாத, அரசியல் நெருக்கடியும் குறைந்த ஓர் அபூர்வமான இடைவெளி அவர்களுக்குக் கிடைத்தது.

சாதாரண மனிதர்களின் படங்கள்

அந்த இடைவெளியில் வந்த படங்கள் எத்தகையவை?

மிலோஷ் போர்மன் 1932இல் பிறந்தவர். தந்தை, தாய் இருவரையும் நாஜி முகாம்களில் பறிகொடுத்தவர். அவருடைய 'கறுப்பு பீட்டர்' 1964ஆம் ஆண்டு லொக்கார்னோ விழாவில் முதல் பரிசு பெற்றது. அடுத்து வந்த 'பொன்னிறக் கூந்தலாளின் காதல்கள்' 1965இல் வெளிவந்தது. காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் பிராகிலிருந்து வந்த பியானோ இசைக்கும் இளைஞனை நம்பி, பெட்டியோடு அவன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. காலணித் தொழிற்சாலை உள்ள ஓர் உண்மையான ஊரிலேயே படம் எடுக்கப்பட்டது. நடித்தவர்களில் பலர் நடிப்பையே அறியாதவர்கள். வசனத்தை அவர்கள் தங்கள் பேச்சிலேயே பேசினர். திரையில் தங்களையே பார்த்ததுபோல் மக்கள் உணர்ந்தனர்.

யான் காடார், எல்மார் குளோஸ் இருவரும் இணைந்து இயக்கிய 'பிரதான சாலைக் கடை', 1942ஆம் ஆண்டு ஸ்லோவாக்கியாவில் நடப்பது. யூதர்களின் கடைகளை அரசு பறித்து மற்றவர்களுக்குக் கொடுத்த காலம் அது. தோனோ என்ற தச்சருக்குக் கிடைப்பது, காது கேளாத ஒரு யூத மூதாட்டியின் பொத்தான் கடை. தன் கடை பறிபோனதே அந்த மூதாட்டிக்குப் புரியவில்லை. வேலைக்கு வந்த உதவியாள் என்று அவனை நினைத்துக்கொள்கிறார். கெட்டவன் அல்லாத, ஆனால் துணிச்சலும் இல்லாத ஒரு மனிதன் எப்படி ஒரு பெரும் குற்றத்துக்குத் துணைபோகிறான் என்பதே படம். 1966ஆம் ஆண்டு அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. காடார் தம் பெற்றோரை ஆஷ்விட்ஸ் முகாமில் இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது ஆஸ்கார் விருதை 1968ஆம் ஆண்டு ஏப்ரலில் வென்றவர் யிர்ஜி மென்செல். பொஹுமில் ஹிரபாலின் குறுநாவலை ஒட்டி 1966இல் எடுக்கப்பட்ட 'கூர்ந்து கண்காணிக்கப்படும் ரயில்கள்' அவருடைய முதல் முழுநீளப் படம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கடைசி மாதங்களில், சிறிய ரயில் நிலையம் ஒன்றில் வேலை பழகும் இளைஞனுக்குப் போரைவிடப் பெரிய கவலை, தான் ஓர் ஆண்மகன்தானா என்பது. அந்தக் கவலை தீர்ந்த மறுநாள், ஆயுதம் ஏற்றிச் செல்லும் ரயிலைத் தகர்க்கப் போய் உயிர் விடுகிறான். வீரத் தியாகியைச் சிலையாக நிறுத்திய பழைய படங்களுக்கு இது நேரெதிர். வீரனும் வெட்கப்படுவான், தடுமாறுவான் என்று மென்செல் காட்டினார்.

சிரிப்பும் சினமும்

வேரா ஹிதிலோவாவின் 'டெய்சி மலர்கள்' 1966இல் வந்தது. இரண்டு இளம் பெண்கள், உலகமே கெட்டுவிட்டது, நாமும் கெட்டுப்போவோம் என்று முடிவு செய்கிறார்கள். கிழவர்களை ஏமாற்றிச் சாப்பிடுகிறார்கள். இறுதியில் ஒரு பெரிய விருந்து மேசையின்மீது ஏறி நடந்து, உணவையெல்லாம் மிதித்துப் பாழாக்குகிறார்கள். படம் முடியும்போது குண்டு வீச்சில் அழிந்த நகரக் காட்சிகள் வருகின்றன. மிதிபட்ட கீரைக்காக மட்டும் கோபப்படுகிறவர்களுக்கு இந்தப் படம் என்ற பொருளில் ஒரு வாசகமும் தோன்றுகிறது.

ஹிதிலோவா சொன்னபடியே நடந்தது. 1967ஆம் ஆண்டு மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுந்து, விவசாயிகள் பாடுபட்டு விளைவித்த உணவை இப்படி வீணாக்குவதா, அரசுப் பணத்தில் இதைப் படமாக எடுப்பதா என்று கேட்டார். உறுப்பினர்கள் பலர் அவருடன் சேர்ந்து, இத்தகைய படங்களைத் திரையரங்குகளிலிருந்து அகற்றக் கோரினர். குண்டு வீச்சில் அழிந்த நகரம் அவர்கள் கண்ணில் படவில்லை, கீரைதான் பட்டது.

அந்த உறுப்பினர்களின் கோபத்துக்கு ஆளான இன்னொரு படம், யான் நெமெட்ஸ் இயக்கிய 'விருந்தும் விருந்தினரும்'. காட்டில் உல்லாசப் பயணம் வந்த சிலரை முன்பின் தெரியாத ஆட்கள் மடக்கி விசாரிக்கிறார்கள். பிறகு வெள்ளை உடுப்பு அணிந்த ஒருவர் வந்து, எல்லாம் விளையாட்டு என்று சொல்லி, ஏரிக்கரையில் நடக்கும் தமது விருந்துக்கு அழைக்கிறார். மிரட்டப்பட்டவர்களே மகிழ்ச்சியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். விருந்து கெட்டுவிட்டதாக மற்றவர்கள் பதறுகிறார்கள். அவரைத் தேடிப் பிடிக்க நாயோடு புறப்படுகிறார்கள். 1966இல் முடிந்த இந்தப் படம் இரண்டு ஆண்டுகள் முடக்கி வைக்கப்பட்டது. விருந்தை விட்டுப் போகும் அந்த மனிதராக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர். அவர் சக இயக்குநர் எவால்ட் ஷோர்ம்.

போர்மனின் 'தீயணைப்பு வீரர்களின் நடன விருந்து' 1967இல் வந்தது. ஒரு சிற்றூரின் தீயணைப்புப் படையினர், நோய்வாய்ப்பட்ட முன்னாள் தலைவரைக் கௌரவிக்க விருந்து நடத்துகிறார்கள். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு வைத்த பரிசுகள் ஒவ்வொன்றாகத் திருடு போகின்றன. வெளியே ஒரு முதியவரின் வீடு தீப்பிடிக்கிறது, அணைக்க முடியவில்லை. திருடியவர்கள் பொருள்களைத் திரும்ப வைக்கட்டும் என்று விளக்கை அணைக்கிறார்கள். விளக்கு மீண்டும் எரியும்போது, மிச்சமிருந்த பரிசுகளும் காணாமல் போயிருக்கின்றன!

படத்தில் அரசியல் வசனம் ஒன்றுகூட இல்லை. ஆனால், விருந்தை நடத்தும் அந்தக் குழு எந்தக் குழுவைக் குறிக்கிறது என்பதைக் கட்சித் தலைவர்கள் புரிந்துகொண்டனர். தீயணைப்பு வீரர்களும் தங்கள் பங்குக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். படத்தில் முதலீடு செய்திருந்த இத்தாலியத் தயாரிப்பாளர் கார்லோ போன்டி, சாதாரண மக்களைக் கேலி செய்கிறது என்று கூறிப் பணத்தைத் திரும்பக் கேட்டார். அரசுக்குப் பண இழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காகச் சிறைக்குப் போக நேரிடுமோ என்று தாம் அஞ்சியதைப் போர்மன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அப்போது கைகொடுத்தவர்கள் பிரெஞ்சு இயக்குநர்களான துரூஃபோவும் குளோட் பெரியும்தான். படத்தின் வெளிநாட்டு உரிமையை அவர்கள் வாங்கிக்கொண்டனர். ஒரு புதிய அலை இன்னொரு புதிய அலையைக் காப்பாற்றிய தருணம் அது.

மே மாதமும் ஆகஸ்ட் மாதமும்

1968ஆம் ஆண்டு ஜனவரியில் அலெக்சாண்டர் டூப்செக் கட்சித் தலைமைக்கு வந்தார். 'பிராக் வசந்தம்' என்று உலகம் அழைத்த சீர்திருத்தக் காலம் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் கான் விழாவின் போட்டிப் பிரிவில் செக்கோஸ்லோவாக்கியப் படங்கள் மூன்று இடம்பெற்றன. போர்மன், நெமெட்ஸ், மென்செல் ஆகியோரின் படங்கள் அவை.

ஆனால், அப்போது பிரான்ஸ் முழுவதும் மாணவர் போராட்டமும் வேலைநிறுத்தமும் வெடித்திருந்தன. துரூஃபோ, கொதார் முதலானோர் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கிக் காட்சியைத் தடுத்தனர். விழா பாதியில் நின்றது. அவர்களுக்கு ஆதரவாகப் போர்மன் தம் படத்தைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். பாரிஸ் இளைஞர்கள் செங்கொடியை ஏற்றத் துடித்தனர். பிராக் இளைஞர்கள் அதே கொடியை இறக்க முயன்றுகொண்டிருந்தனர். இந்த முரண்பாட்டைப் போர்மன் பின்னர் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.

மூன்றே மாதம் கழிந்தது. 1968 ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு, சோவியத் யூனியன் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. பிராக் வசந்தத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த நெமெட்ஸ், கேமராவைத் தெருவில் நின்ற டாங்கிகளின் பக்கம் திருப்பினார். அந்தப் படச்சுருள் எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிராகில் நடந்ததை உலகத் தொலைக்காட்சிகள் அதன்வழி பார்த்தன.

அப்போது பாரிசில் இருந்த போர்மனை ஸ்டூடியோ பின்னர் வேலையிலிருந்து நீக்கியது. அவருடைய நண்பரும் 'அந்தரங்க ஒளி' படத்தின் இயக்குநருமான இவான் பாசரும் வெளியேறினார். அவர்கள் எல்லையைக் கடந்தபோது, வெளியேறும் அனுமதி கைவசம் இல்லை. அங்கிருந்த காவலர் போர்மனின் படங்களைப் பார்த்து ரசித்தவர் என்பதால் தங்களைப் போக விட்டுவிட்டார் என்று பாசர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஊட்டிய கை மூடியபோது

1969 ஏப்ரலில் குஸ்தாவ் ஹுசாக் கட்சித் தலைமைக்கு வந்தார். அதற்குப் பிந்திய காலத்துக்கு ஆட்சியாளர்கள் வைத்த பெயர் 'இயல்பு நிலைக்குத் திரும்புதல்'. பாராண்டோவின் படைப்புக் குழுக்கள் கலைக்கப்பட்டன. படங்கள் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 1973இல் போர்மன், நெமெட்ஸ், ஷோர்ம், வொய்தேக் யாஸ்னி ஆகிய நால்வரின் படங்களுக்கு 'என்றென்றைக்கும்' தடை விதிக்கப்பட்டது. யாஸ்னியின் 'என் நாட்டு மக்கள் அனைவரும்' 1969இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்த படம்.

இங்குதான் அந்த வினோதம் வெளிப்படுகிறது. பிரான்சில் ஒரு தயாரிப்பாளர் கைவிட்டால் இன்னொருவரைத் தேடலாம். பிராகில் ஸ்டூடியோ, கேமரா, படச்சுருள், திரையரங்கு எல்லாம் ஒரே கையில் இருந்தன. அந்தக் கை திறந்திருந்தவரை வேறெங்கும் கிடைக்காத வசதி கிடைத்தது. அது மூடியதும், போவதற்கு வேறு கதவே இல்லை.

திரைக்கதை ஆசிரியர் யான் ப்ரோஹாஸ்காவின் கதை இதில் மிகக் கொடியது. அவர் எழுத, கரேல் காஹின்யா 1970இல் இயக்கிய 'காது', தன் வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருப்பதைக் கண்டு நடுங்கும் ஓர் அதிகாரியைப் பற்றியது. படம் வெளிவரவே இல்லை. அதே ஆண்டில், ப்ரோஹாஸ்கா தனிமையில் பேசியதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த ஒலிநாடா, அவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அரசுத் தொலைக்காட்சியில் ஒலித்தது. திரைக்கதையில் அவர் எழுதியது அவருக்கே நடந்தது. 1971 பிப்ரவரியில் தமது 42ஆவது வயதில் அவர் காலமானார்.

ஹிதிலோவா பல ஆண்டுகள் படம் எடுக்க அனுமதிக்கப்படவில்லை. 1975இல் நேரடியாக அதிபர் ஹுசாக்குக்கே கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் 1976இல் அவருடைய அடுத்த படம் வந்தது. மென்செல் 1969இல் எடுத்து முடித்த 'நூலில் கட்டிய வானம்பாடிகள்' வெளியாகவில்லை. 1950களில் 'திருத்தப்படுவதற்காக' இரும்புக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பப்பட்ட பேராசிரியர், இசைக்கலைஞர் முதலானோரைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. 1974இல் அணை கட்டும் தொழிலாளர்களைப் பற்றி, ஆட்சிக்கு ஏற்ற ஒரு படத்தை எடுத்த பிறகே அவரால் துறையில் தொடர முடிந்தது.

வெளியேறியவர்களில் போர்மன் பெரும் வெற்றி பெற்றார். 'குயில் கூட்டின்மேல் பறந்த ஒருவன்', 'அமடேயஸ்' ஆகிய படங்களுக்காக 1976, 1985ஆம் ஆண்டுகளில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் விருதுகள் அவருக்குக் கிடைத்தன. ஆனால், வெளியேறிய எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. நெமெட்ஸ் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த நீண்ட காலத்தில், முன்பு எடுத்த படங்களுக்கு இணையாக எதையும் எடுக்க வாய்ப்புப் பெறவில்லை.

திறந்த பெட்டிகள்

1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. பெட்டிகள் திறக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டு பெர்லின் விழாவில், 21 வயதான 'வானம்பாடிகள்' தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது. அதே ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் 'காது' திரையிடப்பட்டது. படச்சுருள்கள் கெடாமல் இருந்தன. தடை செய்த அதிகாரிகள் அவற்றை எரித்துவிடவில்லை. அரசுச் சொத்து என்பதால் பத்திரமாக வைத்திருந்தார்கள்!

ஆகவே, கலை வென்றுவிட்டது என்று இந்தக் கதையை முடித்துவிடலாமா? படங்களைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லலாம். மனிதர்களைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருக்கும் படத்துக்கு வயதாவதில்லை. வெளியே காத்திருக்கும் இயக்குநருக்கு வயதாகிறது. முப்பது வயதில் எடுத்திருக்க வேண்டிய படத்தை ஐம்பது வயதில் எடுக்க முடியாது. எடுக்கப்பட்டுப் பூட்டப்பட்ட படங்களை எண்ணிச் சொல்லிவிடலாம். எடுக்கப்படாமலே போன படங்களை யாரால் எண்ண முடியும்?

போர்மன் 2018இலும், பாசர், மென்செல் இருவரும் 2020இலும் மறைந்தனர். ஹிதிலோவா 2014இலும் நெமெட்ஸ் 2016இலும் மறைந்தனர். பெட்டிகள் திறக்கப்பட்டதை இவர்கள் ஐவரும் கண்டார்கள்.

எவால்ட் ஷோர்ம் காணவில்லை. படையெடுப்புக்குப் பிறகு தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் மறுத்தார். கதைப்படம் இயக்கும் வாய்ப்பு சுமார் இருபது ஆண்டுகள் அவருக்கு மறுக்கப்பட்டது. நாடகமும் இசை நாடகமும் இயக்கி வாழ்ந்தார். 1988இல் அவருக்கு மீண்டும் ஒரு படம் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார். ஆட்சி கவிழ இன்னும் 11 மாதங்களே இருந்தன.

நெமெட்ஸின் படத்தில், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் விருந்திலிருந்து எழுந்து போகும் மனிதருக்கு வசனமே இல்லை. அந்த வேடத்தை ஏற்று நடித்தவர், வாழ்க்கையிலும் அதே இடத்திலிருந்து எழுந்து போனார்.